நாலாயிரம் ரூவா பெட்டியும் அடுக்களையில கெடக்குற டிபன் கேரியரும்

கேள்வி: அக்கா, எனக்கு முக்கூடல் பக்கம். பையனுக்கு 1 வயசு 10 மாசம் ஆகுது. அவுக அப்பா துபாய்ல இருக்காக. வீட்டுல நானும் அத்தையும்தான், அத்தை பீடி சுத்துதாக. பையன் எந்த பொம்மையையும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல வச்சு விளையாட மாட்டேங்கான், தூக்கி எறியுதான். போன் குடுத்தாத்தான் சோறு எறங்குது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதே வயசுதான், அது ஏபிசிடி சொல்லுது, கலர் பேரு சொல்லுது, இவன் பத்துப் பன்னெண்டு வார்த்தைதான் பேசுதான். இன்ஸ்டாவுல ஒரு ஆக்டிவிட்டி பெட்டி பாத்தேன், 4,000 ரூவா, வயசுக்கு ஏத்த விளையாட்டு எல்லாம் அதுக்குள்ள இருக்குன்னு போட்டிருக்கு. வாங்கலாமா? எனக்குப் பிள்ளை கூட விளையாடவே தெரியல அக்கா, ரொம்ப குத்த உணர்ச்சியா இருக்கு. (பேர் போட வேண்டாம்)

பதில்:

தங்கச்சி, பெட்டி வாங்க வேண்டாம். இத மொதல்ல சொல்லிட்டேன், ஆர்டர் போடுததுக்கு முன்னாடி படிக்கணும்லா.

பாளையங்கோட்டையில குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி, அதாவது விளையாட்டு, அன்றாட வேலை மூலமா கை, உடம்பு பழக்குத சிகிச்சை, பாக்க ஆரம்பிச்சு எனக்கு இருபது வருஷம் ஆகப்போகுது, நீங்க கடைசியா எழுதியிருக்கியளே "எனக்கு விளையாடவே தெரியல"ன்னு, அந்த வரிய முன்னெல்லாம் யாரும் சொல்லிக் கேட்டதில்ல, இப்போ அஞ்சாறு வருஷமாத்தான் வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து சொல்லுதாக. விளையாட்டுன்னா டீச்சர் மாதிரி எதிர்ல உக்காந்து, ஒரு தட்டுல கலர் கலரா சாமான் அடுக்கி, பிள்ளை அத ஒழுங்கா எடுத்துப் போடணும், அத வீடியோ எடுக்கணும்னு ஆயிப்போச்சு. அது விளையாட்டு இல்ல, டியூசன். ரெண்டு வயசு ஆகாத பய டியூசன்ல ரெண்டு நிமிஷம் உக்காந்தான்னா அதுவே ஜாஸ்திதான்.

அவன் எறியுதான்னு எழுதியிருக்கிய. எறியட்டும், இந்த வயசுல எறிஞ்சாத்தான் நல்லது. கையில புடிச்சத எப்போ விடணும்னு கைக்குத் தெரியறதே ஒரு வயசு கிட்டத்தான், அதுக்குப் பொறவு அவனுக்கு அதுல ஒரு ருசி, டம்ளர எறிஞ்சா டங்குன்னு சத்தம் வருது, துண்ட எறிஞ்சா சத்தமே வரல, பந்த எறிஞ்சா ஓடுது, கரண்டிய எறிஞ்சா அம்மா ஓடி வாரா. இதெல்லாம் அவன் பாக்குத சோதனை. நீங்க செய்ய வேண்டியது எறியலாம்கிற சாமானையும் எறியக் கூடாதுங்கிற சாமானையும் பிரிச்சு வைக்கிறது மட்டும்தான். பழைய துண்டு நாலு எடுத்து இறுக்கி முடிச்சுப் போட்டு பந்து மாதிரி ஆக்குங்க, துணி கூடைய ரெண்டடி தள்ளி வைங்க, அதுக்குள்ள எறியச் சொல்லுங்க, உள்ள விழுந்தா ரெண்டு பேரும் கையத் தட்டுங்க. ரெண்டு நாள் கழிச்சு கூடைய இன்னொரு அடி தள்ளி வைங்க. கரண்டிய எறிஞ்சா மட்டும், ஏசாம, அடிக்காம, "இது எறியுத சாமான் இல்ல, இந்தா பந்து"ன்னு கையில மாத்திக் குடுத்திருங்க. நாப்பது தடவ சொல்ல வேண்டியிருக்கும், நாப்பத்தோராவது தடவையும் எறிவான், அதெல்லாம் அப்படித்தான்.

இப்போ உங்க அடுக்களைக்கு வாரேன். நெசமான பெட்டி அங்கதான இருக்கு. நீங்க சமைக்கும்போது அவன் கால்ல வந்து தொங்குவான், அப்போதான் நீங்க போனக் குடுக்குதிய, சரிதானா? அடுப்புல இருந்து நல்லா தள்ளி, கீழ உள்ள அலமாரியில ஒரு தட்ட அவனுக்குன்னு ஒதுக்கிருங்க. அதுல நாலு எவர்சில்வர் ஏனம், அதுக்கு உண்டான மூடி, ஒரு டிபன் கேரியர், ரெண்டு டம்ளர், ஒரு மரக்கரண்டி, ஒரு சல்லடை, காலி அல்வா டப்பா இருந்தா ஒண்ணு ரெண்டு. அவ்வளவுதான். எந்த ஏனத்துக்கு எந்த மூடின்னு அவன் மாத்தி மாத்தி வச்சுப் பாப்பான், அதுல அளவு பத்துன பாடம் மொத்தமும் இருக்கு. டிபன் கேரியரோட அடுக்குகள கழத்தி ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தச் சொல்லுங்க, இந்த வயசுல நாலஞ்சு அடுக்கு ஏத்துனா போதும், ரெண்டு வயசு தாண்டினா அஞ்சாறு ஏத்துவான். ஏத்துறத விட அத தட்டி விடுறதுலதான் அவனுக்கு ஜாலி, தட்டி விட்டதும் நீங்க "அய்யய்யோ போச்சே"ன்னு நெஞ்சுல கை வைக்கணும். அந்த நடிப்புக்குத்தான் அவன் திருப்பி அடுக்குவான், கேரியர விட ஒங்க மூஞ்சிதான் அதுல விளையாட்டுச் சாமான்.

சத்தம் கேக்கத்தான் செய்யும். அத்தை ஏசுவாக. கீழ ஒரு பழைய பாயப் போட்டுக்கோங்க.

முருங்கைக்கீரை உருவும்போது ஒரு கொத்த அவன் கையில குடுங்க. நீங்க ஒரு சொளவ (முறத்த) வச்சு உருவுங்க, அவனுக்கு ஒரு சின்ன தட்டு வைங்க. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து கிள்ளுற வேலை இருக்குல்லா, நாளைக்கு பென்சில் பிடிக்கவும் சட்டை பட்டன் போடவும் அதே விரல் வேலைதான் வேணும். என்கிட்ட அஞ்சு வயசுல எழுத வரலைன்னு கூட்டிட்டு வாற பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு எழுத்துல ஒரு கொறையும் இல்ல, விரல்ல தெம்பு இல்ல, அதுக இதுவரைக்கும் ஒரு சப்பாத்தி மாவு உருட்டுனது கெடையாது, ஒரு கீரை உருவுனது கெடையாது, போன் தேய்ச்சது மட்டும்தான். சப்பாத்திக்கு பெசையும்போது ஒரு எலுமிச்சம்பழம் அளவு மாவு அவனுக்குப் பிச்சுப் போடுங்க, கொஞ்சம் எண்ணெய் தடவி. அமுக்குவான், பிப்பான், திம்பான். பச்ச மாவு வயித்துக்கு ஆகாது, திங்க மட்டும் விடாதீங்க. கொத்தவரங்காய ஒடிக்கிறது, வெந்த உருளைக்கிழங்கு தோல உரிக்கிறது, தொவைச்ச துணியில கிளிப் எடுத்துக் குடுக்குறது, எல்லாமே இந்தக் கணக்குதான். வேலை ரெண்டு மடங்கு நேரம் இழுக்கும், அத நான் மறைக்கல. தெனம் ஏதாவது ஒரு வேலைக்கு மட்டும் அவனச் சேத்துக்கோங்க, மத்த நேரம் தன் பாட்டுக்கு இருக்கட்டும்.

தண்ணிய பத்தி சொல்லாம விட்டா இந்தப் பதிலே வேஸ்ட். இப்போ அடிக்கிற வெயில்ல தெனம் சாய்ங்காலம் முத்தத்துலயோ பொறவாசல்லயோ ஒரு அகலமான தாம்பாளத்துல ரெண்டு விரக்கடை உயரத்துக்குத் தண்ணி ஊத்துங்க, ரெண்டு டம்ளரு, ஒரு செம்பு, சல்லடை, ஒரு பழைய துணி போட்டு அவன டவுசரோட உக்காத்தி வச்சிருங்க. ரெண்டு நிமிஷம் கூட இருக்க மாட்டேங்கான்னு சொன்னியல்லா, பாருங்க, இருவது நிமிஷம் எந்திரிக்க மாட்டான். ஒரு டம்ளர்ல இருந்து இன்னொரு டம்ளர்ல ஊத்துறதுக்கு மணிக்கட்டு திரும்பணும், கண்ணும் கையும் ஒண்ணாப் போகணும், சிந்தாம நிறுத்தணும், பெரிய வேலை அது. சல்லடையில ஏன் தண்ணி நிக்க மாட்டேங்குன்னு ஒரு வாரத்துக்கு யோசிப்பான். துணிய முக்கிப் பிழியச் சொல்லிக் குடுங்க, அந்தப் பிழிசல்ல கையில உள்ள தசைக்கெல்லாம் வேலை வந்திரும். கடைசியில அந்தத் துணியாலயே சிந்துன தண்ணிய அவனையே தொடைக்க விடுங்க, நல்லாத் தொடைக்க மாட்டான், ஆனா "நானும் வேலை பாத்தேன்"னு நெஞ்ச நிமித்துவான் பாருங்க. ஆனா ஒண்ணு, தண்ணி வச்சா நீங்க எந்திரிக்கக் கூடாது. போன் அடிச்சாலும், குக்கர் விசில் அடிச்சாலும், யார் வந்து வாசல்ல கூப்பிட்டாலும். இந்த வயசுப் பிள்ளைக்கு தலைதான் கனம், தலைகுப்புற விழுந்தா நிமிர முடியாது, வாளியில ரெண்டு இஞ்சு தண்ணி இருந்தாலே மூச்சு முட்டிரும், சத்தமும் வராது. விளையாடி முடிச்சதும் தாம்பாளத்தக் கவுத்திருங்க, குளிக்கிற ரூம் வாளியையும் எப்பவும் கவுத்தே வைங்க. "தண்ணியில விட்டா சளி பிடிக்கும்"னு அத்தை சொல்லுவாக, சளி கிருமியால வாறது, வெயில் காலத்துல கால் மணி நேரம் தண்ணியில கை வைக்கிறதால வராது, ஆனா ஈர டவுசர உடனே மாத்திருங்க, அப்போ அவுகளும் சமாதானமாயிருவாக.

அத்தைன்னதும் பீடி விஷயம் சொல்லிருதேன், கேக்க சங்கடமா இருக்கும், இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். பீடித் தட்டு அவன் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கவே கூடாது. புகையிலைத் தூள ஒரு கிள்ளு வாயில போட்டாலே இந்த வயசுப் பிள்ளைக்கு வாந்தி, மயக்கம்னு கொண்டு போய் விட்டிரும், கூட தின்னுட்டான்னா உயிருக்கே ஆபத்து. அப்படி ஏதும் ஆச்சுன்னா வாந்தி எடுக்க வைக்கிறேன்னு விரல விடாம அந்தாக்குல ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க. அத்தை கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு, முடிஞ்சா சேலைய மாத்திட்டு பிள்ளையத் தூக்கட்டும், அவுக அந்தத் தொழில்லதான் குடும்பத்தை நிமித்துனாக, அதனால "உங்க பீடிதான் காரணம்"னு ஆரம்பிக்காதீங்க, டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லுங்க, என் பேரச் சொன்னாலும் சரிதான். ஆச்சி மடியில தட்டு இருக்குன்னு அவனும் தட்டு கேப்பான். அவனுக்கு ஒரு சின்ன சொளவுல கீரையோ, பெரிய பெரிய துணி உருண்டையோ போட்டு, ஆச்சி வேலை முடிக்கிற வரைக்கும் ஆச்சிக்கு எதிர்ப் பக்கம், நல்லா தள்ளி உக்காத்தி வைங்க. பெரியவங்க செய்யுதத அப்படியே பாத்துச் செய்யுதது ஒண்ணரை வயசுக்கு மேல வாற புத்தி, நீங்க துணி மடிச்சா அவனும் மடிப்பான், நீங்க தூத்தா அவனும் வெளக்கமாறக் கேப்பான். குடுங்க. சின்ன வெளக்கமாறு ஒண்ணு வாங்கிக் குடுத்தா 4,000 ரூவா பெட்டியில உள்ள எதையும் விட அது உழைக்கும்.

இன்னொண்ணும் அத்தைகிட்ட இருக்கு, உங்களுக்குத் தெரியாம. கையில பருப்பு கடைஞ்சு எல்லாருக்கும் ஒரு வாய் குடுத்து, கடைசியில "நண்டூருது நரியூருது"ன்னு கக்கத்துல கிச்சுகிச்சு காட்டுவாகள்லா, சாஞ்சாட வைப்பாக, கால் மேல உக்காத்தி ஊஞ்சல் ஆட்டுவாக. இதெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம்னு நாம தள்ளி வச்சுட்டோம். நான் கிளினிக்ல பேசாத பிள்ளைங்களுக்கு மொதல்ல எடுக்குறதே நண்டூருதுதான். அடுத்து என்ன வரும்னு பிள்ளைக்குத் தெரியும், அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும், மூஞ்சியப் பாக்கும், பேச்சு வாறதுக்கு முந்தி வர வேண்டியது இந்தக் காத்திருப்பும் பார்வையும்தான். விரல் முழங்கை வரைக்கும் ஏறினதும் நிறுத்திருங்க. ஒண்ணும் பேசாம, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அவன் கைய இழுப்பான், இல்ல "ம்ம்"பான், இல்ல "நண்டு"ன்னு ஒரு சத்தம் போடுவான். எது செஞ்சாலும் அதுதான் அவன் உங்ககிட்ட பேசுன பேச்சு, உடனே கிச்சுகிச்சு காட்டிருங்க. நம்மள்ல முக்காவாசிப் பேரு ரெண்டு எண்ணுததுக்குள்ள நாமளே பதிலும் சொல்லிருதோம், பிள்ளைக்கு வாயத் தெறக்க எடமே இருக்காது.

பேச்சுக்கும் அதே கதைதான். அவன் "தண்ணி"ன்னா நீங்க "தண்ணி ஊத்து"ன்னு ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லுங்க, "பூனை"ன்னா "பூனை ஓடுது". அவன் சொன்னத விட ஒரே ஒரு வார்த்தை கூட, அதுக்கு மேல வேண்டாம். நம்ம பேச்சுலயே பேசுங்க, "வாலே", "அந்தா பாரு", "பைய நட", இதெல்லாம் அவன் காதுக்குப் பழகுன பாஷை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏபிசிடி சொல்லுதுன்னா சொல்லட்டும், அது ஒரு பாட்டு மாதிரி மனப்பாடம், அதுல ஒரு பிரயோஜனமும் இந்த வயசுல இல்ல. கலர் பேரு மூணு நாலு வயசுல வந்தாப் போதும். ரெண்டு பிள்ளையையும் ஒண்ணா விட்டா ஆளுக்கொரு மூலையில தனித்தனியா விளையாடும், சாமானப் புடுங்கும், அதுவும் இந்த வயசு வழக்கம்தான்.

ஆனா பத்துப் பன்னெண்டு வார்த்தைங்கிறத நான் சும்மா தாண்டிப் போக மாட்டேன். அதக் கடைசியில சொல்லுதேன்.

போன் விஷயம். இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், அதாவது குழந்தை டாக்டர்க சங்கம், 2021-ல சொன்னது, ரெண்டு வயசு வரைக்கும் ஸ்க்ரீனே வேண்டாம், சொந்தக்காரங்க கூட எப்பவாவது வீடியோ கால் மட்டும் பரவாயில்ல. ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. போன் பாத்துக்கிட்டே திங்கிற பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சதும் தெரியாது, வாயில என்ன இருக்குன்னும் தெரியாது. அதனால ஒரே நாள்ல நிறுத்திருங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன்னா மூணு மாசம் சண்டை ஓடும். நாலஞ்சு நாள் அழுவான், ரெண்டு வேளை சரியாச் சாப்பிட மாட்டான், அதுல ஒண்ணும் எளைச்சுப் போக மாட்டான். நீங்களும் அத்தையும் சாப்பிடும்போது அவனுக்கும் ஒரு தட்டு, கீழ உக்காத்தி, பெசஞ்ச சோறு கொஞ்சம், இட்லி பிச்சது கொஞ்சம், அவன் கையாலயே எடுத்துத் திங்கட்டும். பாதி தரையில கெடக்கும். இருவது இருவத்தஞ்சு நிமிஷத்துல தட்ட எடுத்திருங்க, பின்னாலயே தெருத்தெருவா ஓட வேண்டாம். இந்த விஷயத்துல நான் பெரிய யோக்கியம் கெடையாது, என் மகனுக்கு ஒரு வயசுல டிவிய போட்டுத்தான் ஊட்டுனேன், தெரபிஸ்ட்டு வீட்டுலயே அந்த லட்சணம், அப்புறம் நிறுத்துறதுக்குள்ள எனக்கு உசிர் போயிட்டு வந்துச்சு.

அவுக அப்பா கூட பேசுற வீடியோ கால மட்டும் வச்சுக்கோங்க, ஆனா அதையும் விளையாட்டா மாத்திருங்க. "அப்பாவுக்கு டாட்டா சொல்லு, முத்தம் குடு"ன்னு பரீட்சை வைக்காதீங்க. அப்பா அங்க துண்டால மூஞ்சிய மூடட்டும், இவன் "அப்பா"ன்னு கூப்பிட்டா தெறக்கட்டும். அப்பா ஒரு டம்ளரக் காட்டட்டும், இவன் அடுக்களைக்கு ஓடிப் போய் ஒரு டம்ளர் கொண்டு வரட்டும். அப்பாவுக்கும் வேலை முடிஞ்சு ரூம்ல தனியா உக்காந்திருக்கும்போது பேச ஏதாவது கெடைக்கும். அவரோட போட்டோ, ஆச்சி போட்டோ, மாமா போட்டோ, வீட்டு ஆடு போட்டோன்னு பத்து பிரிண்ட் போட்டு ஒரு சின்ன ஆல்பத்துல சொருகிக் குடுங்க, இந்த வயசுக்கு அத விட நல்ல புக்கு ஒண்ணு இல்ல.

உடம்பு விளையாட்டுக்கு வாரேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்ன கணக்குப்படி ஒண்ணுல இருந்து ரெண்டு வயசுக்குள்ள உள்ள பிள்ளை ஒரு நாளைக்கு 180 நிமிஷமாவது ஓடி ஆடி அசையணும். மூணு மணி நேரம்னு பயப்படாதீங்க, மொத்தமாக் கூட்டித்தான். வளவு வீட்டுல எடம் இல்லேன்னு நினைப்பிய, பாய் இருக்குல்லா. பத்தமடைக் கோரப்பாய் மாதிரி ஒண்ண விரிச்சு, ஒரு ஓரத்துல அவனப் படுக்கப் போட்டு, மூஞ்சியும் கழுத்தும் நல்லா வெளிய இருக்கப் பாத்து, பைய ஒரு சுத்து மட்டும் உருட்டி, திருப்பி உருட்டி விடுங்க, கெக்கெக்கேன்னு சிரிப்பான். தலையணை நாலு அடுக்கி மலையாக்குங்க, ஏறிக் குதிக்கட்டும். ரெண்டு ஸ்டூல் மேல சேலையப் போட்டா குகை, தவழ்ந்து போகட்டும். கனமான சாமான தூக்குற வேலை குடுங்க, ஒரு கிலோ அரிசி பாக்கெட்ட ஆச்சிகிட்ட குடுத்துட்டு வான்னு அனுப்புங்க, அங்க இருந்து திருப்பி உங்ககிட்ட அனுப்பட்டும். ஒரு எடத்துல நிக்காம துறுதுறுன்னு அலையுற பிள்ளைங்களுக்கு நாங்க மொதல்ல குடுக்குறதே தள்ளுறது, இழுக்குறது, தூக்குறதுதான், அப்புறம் பாத்தா உடம்பு தானா அடங்கி உக்காரும்.

இழுக்குறதுன்னா நம்ம ஊருக்குச் சொல்லவா வேணும். ஒரு அட்டைப்பெட்டிய எடுத்து, மேல நாலு குச்சி சொருகி, பழைய சேலைத் துண்ட சுத்தி, முன்னால ஒரு முழம் கயிறு கட்டுங்க, அதுக்குள்ள தலையணைய சாமியா உக்காத்துங்க. நெல்லையப்பர் தேராக்கும். தார்சாவுல (முன்பக்கத் திண்ணைக் கூடத்துல) இருந்து பொறவாசல் வரைக்கும் இழுக்கட்டும், நெலவாசல்ல முட்டி நிக்கும்போது ஆச்சி பின்னால இருந்து தள்ளி விடட்டும், நீங்க மேளம் அடிங்க, ஏனம்தான் இருக்கே. ஆனித் தேருக்கு ஒரு தடவ திருநெல்வேலி டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் நெசத்தேர தூரத்துல நின்னு காட்டிட்டு வந்தியன்னா அப்புறம் ஒரு மாசத்துக்கு இது ஒண்ணே ஓடும். கயிறு மட்டும் நீளமா விடாதீங்க, கழுத்துல சுத்திக்கும், விளையாடி முடிச்சதும் எடுத்து மேல வச்சிருங்க. நுங்கு சீசன்ல நுங்கு வண்டி செஞ்சு குடுக்கலாம், ஆனா கவட்டைக் கம்ப அவன் பிடிச்சுக்கிட்டு ஓடும்போது கூடவே ஓட ஒரு ஆள் வேணும், மூணு வயசுக்கு அப்புறம்னா எனக்கு நிம்மதி.

கிறுக்குறதுக்கு பேப்பர், க்ரேயான் எல்லாம் வேண்டாம், ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷையும் டம்ளர்ல கொஞ்சம் தண்ணியையும் குடுத்து சிமெண்டுச் சுவர்ல பூசச் சொல்லுங்க. காஞ்சு போகும், திருப்பிப் பூசுவான்.

வாங்கியே ஆகணும்னு தோணிச்சுன்னா அம்பாசமுத்திரம் பக்கம் போகும்போது மரச்சொப்பு ஒரு செட்டு வாங்குங்க, உங்களுக்குப் பக்கம்தான. ரெண்டு வயசு ஆகும்போது பொம்மைக்கு சோறு ஊட்டுறது, இல்லாத காப்பிய ஆத்தி உங்களுக்குக் குடுக்குறதுன்னு ஆரம்பிப்பான், அதுக்கு அது சரியா இருக்கும். ஆனா செட்டுல உள்ள குட்டிக் குட்டி சாமான எடுத்து பரண்ல போட்டிருங்க. மூணு வயசு வரைக்கும் 3 சென்டிமீட்டர் சொச்சம் அகலத்துல உள்ள ஒரு குழாய்க்குள்ள நுழையுற எதையும் குடுக்கக் கூடாது, தொண்டைக்குள்ளயும் நுழைஞ்சிரும். புளியமுத்து, கடலை, பட்டாணி, கோலிக்குண்டு, ஊதாத பலூன், உடைஞ்ச பலூன் எல்லாம் அந்தக் கணக்குல வரும். குண்டுமணியும் அரளிக்காயும் வெஷம், பல்லாங்குழிக்குன்னு ஆச்சி டப்பாவுல குண்டுமணி வச்சிருந்தா மொதல்ல அத அப்புறப்படுத்துங்க. ரிமோட்டு, சத்தம் போடுற பொம்மை, இதுல எல்லாம் பொத்தான் மாதிரி ஒரு தட்டை பேட்டரி இருக்கும், அத முழுங்குனா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய அரிக்க ஆரம்பிச்சிரும், காத்திருந்து பாக்குற விஷயமே இல்ல. ஸ்க்ரூ போட்டு மூடுற பொம்மைதானான்னு பாத்துக்கோங்க.

இருக்குற பொம்மையில பாதிய பரண்ல ஏத்திருங்க. பத்து நாள் கழிச்சு எறக்கி, மத்ததை ஏத்துங்க, புதுசு வாங்குன மாதிரி இருக்கும்.

நாள் முழுக்க நீங்க அவன் கூட விளையாடணும்னு யாரும் சொல்லல. காலையில ஒரு பத்து நிமிஷம், சாய்ங்காலம் ஒரு இருவது நிமிஷம், போன எங்கயாவது வச்சுட்டு கீழ உக்காந்து, அவன் என்ன செய்யுதானோ அதுக்குப் பின்னால நீங்க போனாப் போதும். மீதி நேரம் அவன் தார்சாவுல எறும்பப் பாத்துக்கிட்டு சும்மா கெடந்தான்னா கெடக்கட்டும், உடனே போய் "வா தம்பி, என்ன செய்வோம்"னு எழுப்பாதீங்க. குத்த உணர்ச்சின்னு எழுதியிருக்கிய, தனியா ஒரு பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்டு வேலையும் பாத்துக்கிட்டு இருக்கிற பொம்பளைக்கு ரீல்ஸ்ல பாக்குறத வச்சு மார்க் போட்டா யாருதான் பாஸ் ஆவாக.

இப்போ அந்தப் பன்னெண்டு வார்த்தைக்கு வாரேன். ரெண்டு வயசு ஆகும்போது "அம்மா வா", "தண்ணி தா"ன்னு ரெண்டு வார்த்தை சேக்கணும், சொல்லுற வார்த்தை அம்பது கிட்ட வந்திருந்தா நிம்மதி. உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்காக ரெண்டு மாசம் சும்மா இருக்காதீங்க. நாலு விஷயம் இந்த வாரமே கவனிங்க: பின்னால நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புதானா, வேணுங்கிறத விரல் நீட்டிக் காட்டுதானா, "செருப்ப எடுத்துட்டு வா"ன்னா புரியுதா, ஏதாவது புதுசாப் பாத்தா உங்க மூஞ்சியத் திரும்பிப் பாக்கானா. இது நாலும் இருந்தா பயம் கொறைவு, போன நிறுத்திட்டு மேல சொன்னதப் பண்ணுங்க. இதுல ஒண்ணு இல்லேன்னாலும், இல்ல முன்னாடி சொன்ன வார்த்தைய இப்போ விட்டுட்டான்னாலும், ஒரு நாள் கூட தள்ளிப் போடாம குழந்தை டாக்டர்கிட்ட காட்டிருங்க. "அவுக அப்பாவும் லேட்டாத்தான் பேசுனான்"னு அத்தை சொல்லுவாக, நெசமாக்கூட இருக்கலாம், ஆனா அத நம்பி ரெண்டு வருஷம் ஓட்டிட்டு நாலு வயசுல என்கிட்ட வந்தவங்க நெறய. எப்படி இருந்தாலும் காது டெஸ்ட் மட்டும் ஒரு தடவ எடுத்திருங்க. அடிக்கடி சளி பிடிச்சு காதுக்குள்ள நீர் நின்னா சரியா கேக்காது, வெளிய பாத்தா தெரியவும் தெரியாது. பக்கத்து அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ டாக்டர் டீம் வருவாக, அந்தத் தேதியக் கேட்டு வச்சுக்கோங்க, இல்லேன்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில குழந்தைகள் ஓபிக்கு வந்திருங்க.

காலையில வெள்ளனவே வந்திருங்க, கூட்டம் இருக்கும். வரிசையில நிக்கும்போது போன எடுக்கத் தோணும், அதனால பையில ரெண்டு டம்ளரும் முடிச்சுப் போட்ட துண்டும் எடுத்துக்கோங்க.